மனப்பாடம் செய்த படம் ஏன் கைகொடுக்கவில்லை?

சென்னையிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு 33 வயது. ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் விண்ணப்பங்களைக் கையாளும் ஜாவா மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறார். நான்கு வயதில் ஒரு மகள், வீட்டுக் கடன் தவணை, கணவருக்கு மாறி மாறி வரும் ஷிப்ட் என்று நாள் நகர்கிறது. சொந்த மென்பொருளை உருவாக்கி விற்கும் ப்ராடக்ட் நிறுவனம் ஒன்றுக்கு மாற வேண்டும் என்று ஓராண்டாக முயல்கிறார். கோடிங் சுற்றுகளில் தேறிவிடுகிறார். ஒரு மென்பொருள் அமைப்பை வடிவமைத்துக் காட்ட வேண்டிய சிஸ்டம் டிசைன் சுற்றில் இரண்டு முறை தோற்றிருக்கிறார். முதல் நேர்காணலில், நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். 40,000 ரூபாய் கட்டிச் சேர்ந்த ஆன்லைன் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்த வடிவமைப்புப் படத்தை அப்படியே வரைந்தார். செய்திகளை வரிசையில் வாங்கி வைக்கும் காஃப்கா என்ற மென்பொருளும் அதில் இருந்தது. “இங்கே காஃப்கா எதற்கு?” என்று கேட்டதும் பதில் வரவில்லை. இரண்டாவது நேர்காணலில் ரயில் டிக்கெட் முன்பதிவு. கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர், அவற்றின் நுழைவாயிலான ஏபிஐ கேட்வே, மென்பொருளைச் சிறு சேவைகளாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் என்று நாற்பது நிமிடம் பேசியும், ஒரே படுக்கை இருவருக்கு விற்றுப்போகாமல் எப்படித் தடுப்பது என்ற இடத்துக்கு அவர் வந்து சேரவே இல்லை. “ஆழம் போதவில்லை” என்று ஒற்றை வரியில் முடிவு வந்தது.

அவர் கேட்பவை நான்கு. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் முழுநேரமாகத் தயாராகலாமா? இதுவரை முப்பது டிசைன்களை மனப்பாடம் செய்தாயிற்று, இன்னும் எத்தனை வேண்டும்? கோடிக்கணக்கான பயனர்களைக் கொண்ட மென்பொருளைத் தொட்டதே இல்லை என்பதால், தொட்டதாக ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ளலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, தடுமாறும் தன் ஆங்கிலம்தான் உண்மையான காரணமோ?

அன்புள்ள சகோதரிக்கு,

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சுற்றின் கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில், உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற மூன்றுக்குமான பதில் அதற்குள்தான் இருக்கிறது. முப்பது டிசைன்களை மனப்பாடம் செய்ததால்தான் நீங்கள் தோற்றீர்கள் என்று சொன்னால் கடுமையாக ஒலிக்கும். ஆனாலும் பெருமளவு உண்மை அதுதான். கேள்வி கேட்பவர் ஒரு படத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை. அந்தப் படத்தை அவர் நூறு முறை பார்த்தவர். வேண்டுமென்றே அரைகுறையாகச் சொல்லப்பட்ட ஒரு தேவையை நீங்கள் எப்படிக் கேட்டுத் தெளிவாக்குகிறீர்கள், எந்த எண்ணை வைத்து எந்த முடிவை எடுக்கிறீர்கள், அந்த முடிவால் எதை இழக்கச் சம்மதிக்கிறீர்கள் என்பதைத்தான் அவர் குறித்துக்கொள்கிறார். படம் உங்கள் முடிவுகளின் பதிவு மட்டுமே. முடிவுகள் இல்லாமல் பதிவு மட்டும் வந்து நின்றால், முதல் “ஏன்?” என்ற கேள்வியிலேயே அது சரிந்துவிடும்.

காஃப்கா கேள்விக்கு என்ன சொல்லியிருக்கலாம்?

அந்த முகவரி சுருக்கும் சேவையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் புதிதாக எத்தனை முகவரிகள் வரும் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பது போல ஏதாவது ஒரு பதில் வந்திருக்கும். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். ஆக, நொடிக்குப் பன்னிரண்டு எழுத்துப் பணிகள்கூட (தரவுத்தளத்தில் புதிதாகப் பதிவது) இல்லை. ஒருவர் சுருக்கிய முகவரியை நூறு பேர் திறப்பார்கள் என்று கொண்டால், நொடிக்குச் சுமார் 1,160 வாசிப்புகள். ஒரு பதிவுக்கு 500 பைட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், ஐந்தாண்டுகளில் 182 கோடி பதிவுகள் சேர்ந்து ஒரு டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இடம் பிடிக்கும். ஒரு சாதாரண தரவுத்தள சர்வரும், அடிக்கடி கேட்கப்படும் முகவரிகளை நினைவகத்தில் வைத்திருக்க ஒரு கேஷும், முதல் சர்வர் விழுந்தால் எழுந்து நிற்க ஒரு ரெப்ளிகாவும் இதற்குப் போதும். சுருக்கிய முகவரிக்கு எத்தனை எழுத்து வேண்டும் என்று கேட்டால், ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம் என 62 குறியீடுகளில் ஏழு இடங்கள் வைத்தால் மூன்றரை லட்சம் கோடி முகவரிகள் கிடைக்கின்றன என்பதால் ஏழு போதும் என்று சொல்லலாம்.

இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், “இங்கே காஃப்கா தேவையில்லை, எழுத்துப் பணி மிகக் குறைவு” என்று நீங்களே அதை அழித்திருப்பீர்கள். அல்லது, “ஒவ்வொரு முகவரியும் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று எண்ண வேண்டுமென்றால், அந்த எண்ணிக்கை பயனரைக் காக்க வைக்கக் கூடாது, ஆகவே அதை ஒரு வரிசையில் போட்டுவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், அதற்கு வேண்டுமானால் காஃப்கா” என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டுமே நல்ல பதில்கள். “எல்லோரும் வைக்கிறார்கள்” என்பது மட்டும்தான் பதில் ஆகாதது.

கணக்கு வராது என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு சிறு வழி. லட்சம், கோடியில் யோசித்துப் பழகிய நாம், மில்லியன், பில்லியன் என்று கேள்வி வந்ததும் ஒரு சுழியை எங்கோ தொலைத்துவிடுகிறோம். மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் நொடி. இந்த மூன்றும் கைவசம் இருந்தால் போதும். பயிற்சிக்கு நம்மைச் சுற்றியுள்ள எண்களையே எடுங்கள். 2023 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டின. அதை 31 நாளால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 32 கோடி. நொடிக்குச் சுமார் 3,700. இது சராசரி மட்டுமே. பின்னிரவு மூன்று மணியும் சம்பள நாளின் மாலை ஏழு மணியும் ஒன்றல்ல என்பதால், உச்ச நேரத்துக்கு இதைப் பல மடங்காக்கித்தான் திட்டமிட வேண்டும் என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்கே தனி மதிப்பெண் உண்டு.

ரயில் டிக்கெட்டில் கடினமான இடம் எது?

இரண்டாவது நேர்காணலைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கு எளிதாக வந்திருக்க வேண்டிய கேள்வி. தத்கால் முன்பதிவு ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பழைய வகை ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் 72 படுக்கைகள். இருபது பெட்டி இருந்தால்கூட ஒரு ரயிலுக்கு 1,440 படுக்கைகள்தான். அதாவது, இந்தக் கேள்வியில் தரவின் அளவு ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைவிடச் சற்றே பெரியது. மிகப் பலர் ஒரே நிமிடத்தில் தரவுத்தளத்தின் அதே சில நூறு வரிகளின் மேல் வந்து விழுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. லோட் பேலன்சரைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும் இந்த நெரிசல் குறையாது. அது கதவுகளைப் பெருக்குமே தவிர, உள்ளே இருக்கும் படுக்கைகளைப் பெருக்காது.

ஆகவே, முதல் பத்து நிமிடங்களுக்குள் பேச்சை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். வழிகள் பல. படுக்கையின் வரியைத் தரவுத்தளத்தில் பூட்டிவிட்டு மாற்றலாம். தவறே நேராது, ஆனால் பூட்டுக்காகக் காத்திருப்போர் வரிசை நீளும். பூட்டாமல், “நான் பார்த்தபோது இருந்த பதிப்பு எண் இன்னும் மாறவில்லை என்றால் மட்டும் எழுது” என்று நிபந்தனையோடு எழுதலாம். கூட்டம் குறைவான ரயிலுக்கு இது சிறப்பு, தத்கால் நெரிசலிலோ பெரும்பாலானோர் தோற்றுத் தோற்றுத் திரும்ப முயல்வார்கள். ரயில் எண்ணையும் தேதியையும் சேர்த்து ஒரு சாவியாக்கி, அந்தச் சாவிக்கு வரும் கோரிக்கைகளையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே ஒரு பணியாளர் (அதாவது ஒரு நிரல்) அவற்றை ஒவ்வொன்றாக முடிக்கும்படியும் செய்யலாம், நான் கேள்வி கேட்டவனாக இருந்தால் இதைச் சொல்பவரிடம்தான், “அந்த ஒரு பணியாளர் நடுவில் விழுந்துவிட்டால்?” என்று அடுத்ததைக் கேட்பேன். எந்த வழியைத் தேர்ந்தீர்கள் என்பதைவிட, அதன் விலையைத் தெரிந்துதான் தேர்ந்தீர்களா என்பதே என் குறிப்பேட்டில் ஏறும்.

அதற்கும் அப்பால் பணம் கட்டும் கட்டம் இருக்கிறது. படுக்கையைச் சில நிமிடங்கள் ஒதுக்கி வைக்கிறோம். அந்தக் கெடு முடிந்த பிறகு வங்கியிலிருந்து “பணம் வந்துவிட்டது” என்ற செய்தி வந்தால் என்ன செய்வது? அதே செய்தி இரண்டு முறை வந்தால்? ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே முடிக்கப்பட்டிருந்தால் பழைய விடையையே திருப்பிக் கொடுக்கும் முறையை, உங்கள் துறையில் ஐடெம்பொட்டன்ஸி என்ற பெயரில் படித்திருப்பீர்கள். “பணம் போனது, டிக்கெட் வரவில்லை” என்ற புலம்பலைக் கேட்காத குடும்பம் நம்மிடையே இருக்காது. அந்தப் புலம்பலை வடிவமைப்புக் கேள்வியாக மாற்றத் தெரிந்தவரிடம் ஆழம் போதவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் “கேப் தேற்றத்தின்படி மூன்றில் இரண்டைத் தேர்ந்தேன்” என்று எழுதியிருந்தீர்கள். 2000-இல் எரிக் புரூவர் முன்வைத்து, 2002-இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிறுவிய அந்தக் கருத்து (எல்லா சர்வரிலும் ஒரே விடை, எப்போதும் ஒரு விடை, தொடர்பு அறுந்தாலும் இயங்குவது என்ற மூன்றைப் பற்றியது), கடையில் மூன்று பொருளில் இரண்டைப் பொறுக்குவது போன்றதல்ல. சர்வர்களுக்கு இடையே வலைத்தொடர்பு அறுந்துபோகும் வேளையில், தவறான விடை சொல்லாமல் இருப்பதா, ஏதாவது ஒரு விடை சொல்லிக்கொண்டே இருப்பதா என்ற தேர்வைத்தான் அது பேசுகிறது. மூன்றில் இரண்டு என்ற சூத்திரம் திசைதிருப்புவது என்று புரூவரே 2012-இல் எழுதினார். தேர்வும் முழு அமைப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. “எத்தனை இடங்கள் காலியாக உள்ளன” என்று காட்டும் திரை சில நொடி பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. படுக்கையை ஒதுக்கும் இடத்திலோ ஒரு நொடிப் பழமையும் கூடாது. அமேசான் 2007-இல் டைனமோ என்ற தன் தரவுச் சேமிப்பு அமைப்பு பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு நேர் எதிரான தேவையை விளக்குகிறது: வாடிக்கையாளர் கூடையில் பொருளைச் சேர்ப்பது எந்த நிலையிலும் மறுக்கப்படக் கூடாது, முரண்பட்ட பதிப்புகள் உருவானால் பிறகு இணைத்துக்கொள்ளலாம், அதனால் நீக்கிய பொருள் எப்போதாவது திரும்ப எட்டிப் பார்த்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கூடைக்குச் சரியான அந்த முடிவு படுக்கைக்குத் தவறு. முப்பது டிசைன்களில் இருபதை மறந்துவிட்டு, இந்த ஒரு வேறுபாட்டை உங்கள் சொந்தச் சொற்களில் பத்து நிமிடம் விளக்கப் பழகினால், அதையே நல்ல பண்டமாற்று என்பேன்.

பெரிய அளவில் வேலை பார்த்ததில்லை என்ற குறை

இது குறைதான், இல்லை என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. உங்கள் கடிதத்தின் நடுவே, ஒரு பொருட்டாகவே எண்ணாமல், மூன்று சம்பவங்களை எழுதியிருக்கிறீர்கள்: முகவர்கள் பொத்தானை இருமுறை அழுத்தியதால் ஒரே கிளெய்ம் இரண்டாகப் பதிவானது, ஆறு மணி நேரம் ஓடிய இரவு நேர பேட்ச் வேலை (பதிவுகளை மொத்தமாக முடிப்பது), காலை அலுவலகம் திறந்த பிறகும் முடியாமல் திரைகளை முடக்கியது, தரவுத்தளத்தில் ஓர் இன்டெக்ஸை (தேடலுக்கான துணைப் பட்டியல்) சேர்த்ததும் தேடல் வேகமானது, ஆனால் மாதக் கடைசியில் மொத்தமாகப் பதிவேற்றும் வேலை மெதுவாகிப்போனது. இவற்றில் முதலாவது நான் மேலே சொன்ன இரட்டைக் கட்டணச் சிக்கலேதான். இரண்டாவது, நேரலை வேலையையும் மொத்த வேலையையும் பிரித்து வைப்பது பற்றியது. மூன்றாவது, வாசிப்பை வேகமாக்க எழுத்தில் விலை கொடுப்பது. நீங்கள் வகுப்பில் தேடிய மூன்று பாடங்கள் உங்கள் மேசையிலேயே கிடந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் என்ன நடந்தது, என்னென்ன வழிகள் இருந்தன, எது தேர்ந்தெடுக்கப்பட்டது, கூட்டம் நூறு மடங்கானால் எது முதலில் உடையும் என்ற வரிசையில் ஒரு பக்கம் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் ஷார்டிங் (தரவைப் பல சர்வர்களில் பிரித்து வைப்பது), கேஷ், வரிசை எல்லாம் தம் காரணத்தோடு உங்களிடம் வரும்.

ரெஸ்யூமேயில் இல்லாததைச் சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் பெரும்பாலும் பதவியும் தேதிகளும்தான் பார்க்கப்படுகின்றன, கட்டிய அமைப்பின் அளவு பார்க்கப்படுவதில்லை என்று தோழி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது ஓரளவு சரிதான். சரிபார்ப்பில் தப்பியது நேர்காணலில் சிக்கும். கோடிப் பயனர்களைக் கையாண்டேன் என்று எழுதியவரிடம், கேஷ் முழுவதும் ஒரே நேரத்தில் காலாவதியானபோது என்ன ஆனது என்று நான் கேட்பேன். வாழ்ந்தவருக்கு ஒரு கதை இருக்கும், வாழாதவருக்கு ஒரு வரையறை இருக்கும். சேர்ந்த பிறகு பொய் தெரியவந்தால் வேலையிலிருந்து நீக்கும் உரிமையை நியமனக் கடிதங்கள் வழக்கமாகவே நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கின்றன. “நாங்கள்” செய்ததையும் “நான்” செய்ததையும் பிரித்துச் சொல்வதற்கு மட்டும் தயங்க வேண்டாம். அந்த இன்டெக்ஸை முன்மொழிந்தவர் நீங்கள் என்றால் “நான்” என்றே சொல்லுங்கள். நம் பெண்கள் பலர் இதில் தேவைக்கு மேல் அடக்கமாக இருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லும்போதும் ஓர் எல்லை உண்டு. உங்கள் பணி ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு விதி அநேகமாக இருக்கும். அது வேலையை விட்ட பிறகும் தொடரும்படியே பொதுவாக எழுதப்படுகிறது. எடுத்துப் படித்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் பெயர், அவர்களின் கிளெய்ம் எண்ணிக்கை, அட்டவணைகளின் பெயர்கள், அலுவலகக் கணினியிலிருந்து எடுத்த வரைபடங்கள் எவையும் நேர்காணலுக்குப் போகக் கூடாது. “ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஒரே விண்ணப்பம் இருமுறை பதிவாகும் சிக்கல் இருந்தது” என்று சிக்கலின் வடிவத்தை மட்டும் சொல்லலாம். கேள்வி கேட்பவர் அதற்கு மேல் தோண்டினால், “அது வாடிக்கையாளரின் தகவல்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அது மதிப்பைக் கூட்டியிருக்கிறதே தவிரக் குறைத்ததில்லை.

வேலையை விடுவதா?

விட வேண்டாம் என்பதே என் கருத்து; அதற்கு எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன். 90 நாள் நோட்டீஸ் பீரியட் உள்ளவரைவிட உடனே சேரக்கூடியவரைச் சில நிறுவனங்கள் விரும்புகின்றன, முழுநேரமும் படிக்கலாம், மனச்சோர்வு குறையும். ஆனால் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறு மாதச் சம்பளத்தைப் பணயம் வைத்தால், நான்காவது மாதத்தில் வரும் முதல் வாய்ப்பை, அது எவ்வளவு குறைவானதாக இருந்தாலும், நீங்கள் மறுக்க முடியாது. பல நிறுவனங்களில் இந்தச் சுற்றில் சுமாராகச் செய்தவருக்கு ஒரு படி கீழான பதவியையும் சம்பளத்தையும் தருவதாகச் சொல்வார்கள். கையில் வேலை உள்ளவரால்தான் அதைப் பேரம் பேச முடியும். தவிர, இது நீண்ட நேரம் உட்கார்ந்து படித்தால் வரும் திறன் அல்ல. சிறுசிறு அமர்வுகளாக, வாய்விட்டுப் பேசி, இன்னொருவரின் குறுக்குக் கேள்வியில் மாட்டி, மறுநாள் யோசித்துப் பழகுவது. மகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரமும், சனி, ஞாயிறில் கணவர் மகளைப் பார்த்துக்கொள்ளும் மூன்று மணி நேரமும் கிடைத்தால், மூன்று மாதத்தில் வேறுபாடு தெரியும்.

அந்த மூன்று மாதத்தில் புதிய வகுப்பு எதற்கும் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிய வகுப்பில் உள்ள ஒரு கேள்வியை எடுத்து, விடையைப் பார்க்காமல் 45 நிமிடம் தனியாகப் பேசி, செல்பேசியில் பதிவு செய்யுங்கள். முதல் பதிவைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அதன் பிறகு அலுவலகத் தோழியோ பழைய வகுப்புத் தோழனோ வாரம் ஒருமுறை உங்களை மடக்கட்டும். ஆள் கிடைக்காத வாரங்களில் ஏஐ உரையாடல் கருவியிடம், “விடை சொல்லாதே, என் முடிவுகளை ஏன் என்று மட்டும் கேள்” என்று சொல்லிப் பயன்படுத்தலாம். உண்மையான நேர்காணலின்போது அதை மறைவாகத் திறந்து வைப்பது வேறு விஷயம். கண் போகும் திசையும், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் ஒரே அளவான இடைவெளியும் எங்களுக்குத் தெரியும். பிடிபட்டால் அந்த நிறுவனத்தின் கதவு நீண்ட காலத்துக்கு மூடிவிடும்.

ஆங்கிலம்

நீங்கள் அனுப்பியிருந்த பயிற்சிப் பதிவைக் கேட்டேன். இலக்கணத்தில் சில பிசகுகள் இருக்கின்றன. அவை உங்களைத் தோற்கடிக்கவில்லை. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாத இடங்களில்தான் உங்கள் ஆங்கிலம் தடுமாறுகிறது. அந்த இன்டெக்ஸ் கதையைச் சொல்லும்போது அது ஓடுகிறது. ஆகவே, ஒரு கேள்வியை முதலில் தமிழிலேயே தோழிக்கு முழுவதுமாக விளக்குங்கள். தமிழில் விளக்க முடியாத இடம் உங்களுக்குப் புரியாத இடம். புரிந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். “இரண்டு நிமிடம் யோசித்துக்கொள்கிறேன்”, “நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன், சரியா?”, “இந்த வழியில் இதை இழக்கிறோம், ஆனாலும் ஏற்கலாம், ஏனென்றால்…” என்பன போன்ற பத்து வாக்கியங்களை நாக்கில் ஏற்றி வைத்துக்கொண்டால், மீதியைப் பலகையில் வரைவது பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. உங்களை நிராகரித்த இரண்டு நிறுவனங்களும் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்க அனுமதிக்கலாம். பல இடங்களில் அது ஆறு மாதம் அல்லது ஓராண்டு. அவர்களின் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு முன்பு, உங்களுக்கு அவ்வளவாக ஆசையில்லாத இரண்டு நிறுவனங்களின் நேர்காணலுக்குப் போய் வாருங்கள், ஒவ்வொன்றும் முடிந்த அன்றிரவே, எந்த “ஏன்?” என்ற கேள்வியில் நின்றீர்கள் என்று எழுதி வைத்து, வேண்டுமானால் எனக்கும் அனுப்புங்கள்.